ஐட்லிங்கில் பிக்கப் உதறுது, டாஷ்போர்டில் ஒரு லைட்டும் எரியல. நாலு இன்ஜெக்டரும் மாத்தணுமா?

தெம்பனிஸ் பிக்கப்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி விவரம்: 2014 பதிவு, 2.5 லிட்டர் டர்போ டீசல், டென்சோ காமன் ரெயில் (ஒரே உயர் அழுத்தக் குழாய்ல இருந்து, சிலிண்டருக்குள்ள டீசல் பீச்சுற இன்ஜெக்டர் நாலுக்கும் டீசல் போற அமைப்பு), ஆட்டோ கியர், 230,000 கி.மீ. சிஓஇ (சிங்கப்பூர்ல வண்டி வச்சுக்கிற உரிமைச் சான்று) பத்து வருஷத்துக்குப் புதுப்பிச்சாச்சு. பத்து வயசு தாண்டிட்டதால இப்ப ஆறு மாசத்துக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன்.

காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஒண்ணும் தெரியல. இன்ஜின் சூடான பிறகு சிக்னல்ல டி கியர்ல பிரேக் மிதிச்சு நிக்கும்போது ஸ்டியரிங், சீட், பின்பார்க்கும் கண்ணாடி எல்லாம் உதறுது. ஏசி கம்ப்ரசர் பிடிச்சா இன்னும் கூடுது. ஆர்பிஎம் முள் 750 பக்கத்துல லேசா நடுங்குது. 1,200 தாண்டினா வெண்ணெய். புகை இல்ல, இழுவை குறையல, டீசல் செலவும் அதே. செக் இன்ஜின் லைட் வரவே இல்ல.

ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டும் புதுசு. வொர்க்‌ஷாப்ல ஸ்கேன் போட்டுட்டு, "கோட் ஒண்ணும் இல்ல, ஆனா நாலு இன்ஜெக்டரும் மாத்திடுங்க"ன்னு சொல்றாங்க. கோட் (கம்ப்யூட்டர் பதியுற கோளாறு எண்) இல்லாம இன்ஜெக்டர்தான்னு எப்படிச் சொல்ல முடியும்? அவ்வளவு காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்?

ரெயில் பிரஷர்

லைட் எரியலேன்னா கோளாறு இல்லேன்னு அர்த்தமில்லை. கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்த எல்லை தாண்டும் வரை வாயைத் திறக்காது, அவ்வளவுதான்.

காமன் ரெயில் டீசலில் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சென்சார் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் எவ்வளவு வேகமெடுக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் சோர்ந்தால் அதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் டீசல் கொடுத்துச் சமன் செய்யும். இந்தத் திருத்தம் எல்லைக்குள் இருக்கும்வரை கோட் விழாது. சில கோளாறுகளுக்கு இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து பிடிபட்டால்தான் லைட் எரியும். அதுவரை அது பெண்டிங் கோடாக மட்டும் உள்ளே கிடக்கும். வொர்க்‌ஷாப்பில் பெண்டிங் பார்த்தார்களா, இல்லை பதிவான கோட் மட்டுமா என்று கேளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. சாவியை ஆன் நிலையில் வையுங்கள், ஸ்டார்ட் வேண்டாம். செக் இன்ஜின் லைட் எரிகிறதா? ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா? கைமாறி வந்த வண்டிகளில் பல்பைப் பிடுங்கி வைத்திருப்பார்கள், அல்லது ஆயில் லைட்டோடு சேர்த்து ஒயர் போட்டிருப்பார்கள். ஆயில் லைட்டும் செக் இன்ஜினும் ஒரே நொடியில் சேர்ந்து அணைந்தால் சந்தேகப்படுங்கள்.

பழைய போர்மேன்

தம்பி, இன்ஜின் உண்மையிலேயே மிஸ்ஸிங் அடிக்குதா, இல்ல நல்லா ஓடுற இன்ஜினோட அதிர்வு உள்ள வருதான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. ரெண்டும் சீட்ல ஒரே மாதிரிதான் தெரியும்.

நியூட்ரல்ல வச்சு ஏசியை அணைங்க. இறங்கிப் போய் சைலன்சர் வாய் கிட்ட உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. காத்து ஒரே சீரா வந்தா நல்லது. சீரா வந்துட்டு நடுநடுவுல ஒரு தட்டு தவறினா ஒரு சிலிண்டர் சரியில்ல. தாளமே இல்லாம மாறி மாறி வந்தா எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒண்ணு: டீசல், காத்து, இஜிஆர் (எக்ஸாஸ்ட் புகையைக் கொஞ்சம் திரும்ப இன்ஜினுக்குள்ள விடுற வால்வு).

அப்புறம் பானெட்டைத் திறந்து வச்சு, ஒருத்தர் பிரேக்கைக் கெட்டியா மிதிச்சு டி, ஆர், டின்னு மாத்தட்டும். கைபிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வச்சு, நீங்க வண்டிக்கு முன்னாடி நிக்காம பக்கவாட்டுல நின்னு பாருங்க. இன்ஜின் கைப்பிடி அளவு தூக்கி விழுந்தா மௌண்டிங் (இன்ஜினைத் தாங்குற ரப்பர்) போச்சு. எண்ணெய் நிரப்பின மௌண்டிங்னா அடியில கருப்பா ஒழுகின தடம் இருக்கும். கியர் பாக்ஸ் மௌண்டிங்கையும் விடாதீங்க. ரெண்டு இன்ஜின் மௌண்டிங்கையும் மாத்திட்டு அதை அப்படியே விட்டா பாதி உதறல் மிச்சம் இருக்கும்.

டில மட்டும் உதறி நியூட்ரல்ல சுத்தமா இருந்தா மௌண்டிங் பக்கம் சாயலாம். ஆனா டில சுமை கூடுறதால சோர்ந்த சிலிண்டரும் அங்கதான் நல்லாத் தெரியும். அதனால இதை மட்டும் வச்சுத் தீர்ப்பு சொல்லாதீங்க.

செங்காங் ஸ்பீட்

எனக்கு வேக்யூம் லீக் மாதிரி தெரியுது. இன்டேக் பைப் சுத்தி கார்ப் கிளீனர் அடிச்சுப் பாருங்க ப்ரோ, ஆர்பிஎம் ஏறினா அங்கதான் ஓட்டை. இல்லேன்னா ஒரு பாட்டில் இன்ஜெக்டர் கிளீனர் ஊத்தி ஓட்டுங்க.

ரெயில் பிரஷர்

டீசலில் அப்படிச் செய்யாதீர்கள். பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டிலுக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கும், ஓட்டை வழியே கூடுதல் காற்று புகுந்தால் கலவை கெடும். டீசல் ஐட்லிங்கில் காற்று ஏற்கெனவே தேவைக்கு மேல் உள்ளே போகிறது. இன்டர்கூலர் குழாயில் கிழிசல் இருந்தால் இழுவை குறையும், ஏறும்போது கறும்புகை தள்ளும். ஐட்லிங் பெரிதாக மாறாது. எரியும் ஸ்ப்ரேயை டீசல் இன்டேக்கில் அடித்தால் அது எரிபொருளாகவே உள்ளே போய் இன்ஜின் தானாக வேகமெடுக்கும். சூடான டர்போ மேல் பட்டால் தீப்பிடிக்கவும் வழி உண்டு.

கிளீனர் பாட்டில் நாசில் நுனியில் லேசான படிவைக் கரைக்கலாம். தேய்ந்த வால்வையோ உடைந்த சீலையோ சரிசெய்யாது. கோளாறைக் கண்டுபிடிக்கும் கருவியாக அதைப் பயன்படுத்துவதில் பயனில்லை.

தெம்பனிஸ், உங்களுக்குத் தேவை லைவ் டேட்டா. பொதுவான மலிவு ஓபிடி அடாப்டர் (வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் சின்னக் கருவி) வேகம், வெப்பம் போன்ற பொது எண்களை மட்டும் காட்டும். சிலிண்டர் வாரியான எண்கள் வராது. உங்கள் தயாரிப்பாளரின் பட்டியலைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். இன்ஜின் 80 டிகிரிக்கு மேல் சூடான பிறகு, ஏசி அணைத்து, நியூட்ரலில் இவற்றைக் குறியுங்கள்: ரெயில் அழுத்தம் (இலக்கு, உண்மை இரண்டும்), நான்கு சிலிண்டரின் இன்ஜெக்‌ஷன் ஃபீட்பேக் (மேலே சொன்ன சிலிண்டர் வாரியான டீசல் திருத்தம்), இஜிஆர் திறப்பு, காற்றளவு, கூலன்ட் வெப்பம். அப்புறம் டி கியரில் ஏசியோடு அதே எண்கள்.

எச்டிபி அடுக்குமாடி வீட்டுக் கார்ப்பார்க்கில் அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்க வேண்டாம். நிற்கிற வண்டியில் சும்மா இன்ஜினை ஓடவிடுவது இங்கே குற்றம்; அதோடு ஐட்லிங்கில் டீசல் இன்ஜின் சூடேற நேரம் பிடிக்கும். பிஐஇ விரைவுச்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வொர்க்‌ஷாப்பில் நிறுத்தி எடுங்கள், மூன்று நிமிடம் போதும்.

துவாஸ் டீசல்

இடையில ஒரு வார்த்தை. பழைய ரோட்டரி பம்ப் லாரியில ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் தளர்த்தி எந்த சிலிண்டர் மிஸ்ஸிங்னு பார்ப்போம். காமன் ரெயில்ல இது கூடவே கூடாது. ஐட்லிங்லயே 300 பார் இருக்கு, ஆக்சிலரேட்டர் மிதிச்சா 1,600க்கு மேல போகும். அந்தப் பீச்சு தோலைத் துளைச்சு உள்ள போயிடும். ஊசி குத்தின மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

ஓடும்போது இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்குறதும் வேண்டாம். அந்த ஒயர்ல 12 வோல்ட் இல்ல, 100 வோல்ட் பக்கம் வரும். பீசோ வகை இன்ஜெக்டர்னா அதுவும் போய், அதை இயக்குற டிரைவர் சர்க்யூட்டும் போகும். ஸ்கேனர்ல சிலிண்டர் கட் ஆஃப் டெஸ்ட் இருக்கும், அதுல ஒவ்வொண்ணா அணைச்சுப் பாருங்க. நல்ல சிலிண்டரை அணைச்சா உதறல் கூடும். எதை அணைச்சாலும் மாற்றமே தெரியலையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர்.

தெம்பனிஸ் பிக்கப்

நன்றி அண்ணே. லைட் சோதனை சரி, சாவி ஆன்ல எரியுது, ஸ்டார்ட் ஆனதும் அணையுது. ஆயில் லைட் தனியா அணையுது. பெண்டிங் கோடும் இல்ல.

வேற இடத்துல ஸ்கேன் எடுத்தேன், கூலன்ட் 86 டிகிரி. நியூட்ரல், ஏசி இல்லாம: ரெயில் இலக்கு 32 மெகாபாஸ்கல், உண்மை 31.5 முதல் 32.6 வரை. ஃபீட்பேக் கன மில்லிமீட்டர்ல: முதல் சிலிண்டர் +0.4, ரெண்டு −0.9, மூணு +3.6, நாலு −2.8. இஜிஆர் மூடியிருக்கு.

டி கியர், ஏசியோட: மூணு +4.1, நாலு −3.0, மத்த ரெண்டும் கிட்டத்தட்ட அதே.

கட் ஆஃப்ல மூணை அணைச்சா மாற்றம் இருக்கு, ஆனா மத்ததை விடக் குறைவு. அப்ப மூணாவது இன்ஜெக்டர்தானே?

ரெயில் பிரஷர்

மூன்றாவது சிலிண்டர் வரை வந்துவிட்டீர்கள். இன்ஜெக்டர் என்று இன்னும் சொல்ல முடியாது.

இந்த எண்களைப் படிக்கும் விதம் இது. டொயோட்டாவின் டென்சோ அமைப்புகளில் சூடான ஐட்லிங்கில் −3 முதல் +3 வரை இயல்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். கூட்டல் குறி என்றால் அந்த சிலிண்டர் சோர்வு, கம்ப்யூட்டர் கூடுதலாக ஊற்றுகிறது. கழித்தல் என்றால் குறைத்துக்கொள்கிறது. சில தயாரிப்பாளர்களிடம் எல்லை வேறு, குறியே தலைகீழாகவும் இருக்கலாம். உங்கள் வண்டியின் மேனுவலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது நாலாவது சிலிண்டரின் −2.8ஐப் பாருங்கள். வெடிப்பு வரிசை 1-3-4-2. மூன்றுக்கு அடுத்து நாலு. மூன்று சோர்ந்து கிராங்க் வேகம் விழுந்த இடத்திலிருந்து நாலு அதைத் தூக்குகிறது; கம்ப்யூட்டர் கண்ணுக்கு நாலு மிக வலுவாகத் தெரியும், அதனால் குறைக்கிறது. நாலாவதில் கோளாறு இல்லை. நான்கு எண்களையும் கூட்டினால் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் வரும், உங்களுடையது 0.3. இதைப் பார்க்காமல் "ரெண்டு சிலிண்டர் எல்லை ஓரத்தில், எல்லாவற்றையும் மாற்று" என்று சொல்வது எளிது.

ரெயில் அழுத்தம் ஒரு மெகாபாஸ்கலுக்குள் நிற்கிறது. பம்ப், எஸ்சிவி வால்வு (பம்புக்குள் போகும் டீசல் அளவைக் கட்டுப்படுத்துவது), அழுத்த சென்சார் மூன்றையும் ஓரமாக வைக்கலாம். இஜிஆர் மூடியிருக்கிறது என்று ஸ்கேனர் சொல்வது பல வண்டிகளில் கட்டளை மட்டுமே. கரி அடைத்துப் பாதி திறந்தே நின்றிருக்கலாம். ஆனால் அப்படியிருந்தால் பொதுவாக எல்லா சிலிண்டரும் பாதிக்கும், ஒன்று மட்டும் தனியாக விலகாது.

மிச்சம் மூன்று காரணங்கள்: மூன்றாவது இன்ஜெக்டர் குறைவாகவோ கோணலாகவோ பீச்சுகிறது, இன்ஜெக்டர் உட்காரும் இடத்து வாஷர் வழியே அழுத்தம் கசிகிறது, அந்த சிலிண்டரில் கம்ப்ரெஷன் குறைவு, அதாவது வால்வு அல்லது ரிங்.

பழைய போர்மேன்

இன்ஜெக்டரைக் கழட்டாம பார்க்கக்கூடியதை முதல்ல பாருங்க. மேல் பிளாஸ்டிக் மூடியை எடுத்துட்டு டார்ச் அடிச்சு மூணாவது இன்ஜெக்டர் அடியில தார் மாதிரி கருப்பா, ஈரமா, கெட்டியா இருக்கான்னு பாருங்க. இருந்தா வாஷர் கசிவு. குளிர்ந்த இன்ஜின்ல ஸ்டார்ட் பண்ணின உடனே "சப் சப்"னு ஒரு சத்தம், ஆர்பிஎம் கூடக்கூட வேகமாகும். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா எரிஞ்ச டீசல் வாசனையோட புகை வரும்.

இன்ஜெக்டர் வால்வு கவருக்கு உள்ள உட்கார்ந்திருக்கிற டிசைன்னா வெளியே ஒண்ணும் தெரியாது, கவரைக் கழட்டணும்.

துவாஸ் டீசல்

கம்ப்ரெஷனுக்கும் பிரிக்காம ஒரு வழி இருக்கு. பேட்டரி ஒயர்ல டிசி கிளாம்ப் (கரண்ட் அளக்கிற கவ்வி) போட்டு, ஸ்கோப்ல (அளவைக் கோடா வரைஞ்சு காட்டுற கருவி) ஸ்டார்டர் இழுக்கிற கரண்டைப் பாருங்க. ஒவ்வொரு சிலிண்டரும் அமுக்கும்போது கரண்ட் ஒரு மேடு ஏறும். நாலு மேடும் ஒரே உயரம்னா கம்ப்ரெஷன் சமம், ஒண்ணு குட்டையா இருந்தா அங்கதான் கசிவு. இன்ஜின் ஸ்டார்ட் ஆகக்கூடாது, அதனால சாவியை அணைச்சுட்டு நாலு இன்ஜெக்டர் கனெக்டரையும் கழட்டி வச்சு 10 விநாடி மட்டும் சுத்தணும். பிறகு விழுற கோடை அழிச்சுடலாம். சில ஸ்கேனர்ல கம்ப்ரெஷன் சோதனைன்னே தனியா இருக்கு, அது டீசலை நிறுத்திட்டுச் சிலிண்டர் வாரியா சுழலும் வேகத்தைக் காட்டும்.

எண்ணா வேணும்னா குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்குச் சிலிண்டரைச் சூடேத்துறது) துவாரத்துல கேஜ் மாட்டணும். டொயோட்டா 3.0 கேடி இன்ஜின் வரிசைக்கு 2,500 கிலோபாஸ்கல் பக்கம், குறைஞ்சது 2,000, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 500க்குள்ள. பெட்ரோல் கேஜ் இதைத் தாங்காது, டீசல் கேஜ் தனி.

குட்டையா வந்தா உடனே ஹெட்டைக் கழட்ட ஓடாதீங்க. முதல்ல டேப்பெட் (வால்வு இடைவெளி) பாருங்க. எக்ஸாஸ்ட் வால்வு சீட் தேய்ஞ்சு இடைவெளி குறைஞ்சா சூட்டுல வால்வு முழுசா மூடாது. குளிர்ல நல்லா ஓடி சூடானா உதறுறதுக்கு இது ஒரு காரணம். இசுசு 4ஜேஜே1 இன்ஜின்ல குளிர்ந்த நிலையில ரெண்டு வால்வுக்கும் 0.15 மி.மீ., ஸ்க்ரூ திருகினா போதும். கேடி வரிசையில ஷிம் (இடைவெளிக்கு வைக்கிற மெல்லிய தகடு) மாத்தணும், வேலை பெருசு.

ஜூரோங் லாரி

இதே இழையில என் கேள்வியும். பத்தடி லாரி, 3.0 டீசல். எனக்கு உதறல் இல்ல, ஆர்பிஎம் 600க்கும் 900க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது. ஆக்சிலரேட்டரை விட்டதும் சில நேரம் அணைஞ்சே போகுது. லைட் இல்ல.

ரெயில் பிரஷர்

ஆர்பிஎம் மெதுவாக ஏறி இறங்குவது வேறு நோய். பெரும்பாலும் பம்ப் மேல் இருக்கும் எஸ்சிவி வால்வு ஒட்டிக்கொண்டு அசைகிறது, அல்லது டீசலில் காற்று கலக்கிறது. ரெயில் அழுத்தத்தைக் கோடாகப் போட்டுப் பாருங்கள்: இலக்கு நேராக நிற்க, உண்மை அழுத்தம் அதைச் சுற்றி அலை அடித்தால் சந்தேகம் உறுதி.

எஸ்சிவியை மாற்றும் முன் காற்றைப் பாருங்கள், அது மலிவு. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் தாங்கும், உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு சாண் மாட்டுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஓரிரு குமிழி போவது பரவாயில்லை. ஐந்து நிமிடம் கழித்தும் சரம் சரமாக வந்தால் இழுக்கும் பக்கத்தில் கசிவு. அங்கே அழுத்தம் வெளியைவிடக் குறைவு, அதனால் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். தரை காய்ந்திருக்கிறது என்று ஏமாற வேண்டாம். ஃபில்டர் தலையில் இருக்கும் கை பம்பின் ரப்பர், ஃபில்டர் ஓ-ரிங், டாங்க் மேல் பழைய ஹோஸ், இந்த மூன்று இடம்தான் வழக்கம். ஃபில்டர் அடியில் தண்ணீரையும் ஒரு கண்ணாடிப் போத்தலில் இறக்கிப் பாருங்கள். இங்கத்திய ஈரப்பதத்தில் பாதி காலி டாங்கோடு நிற்கும் லாரிக்குள் தண்ணீர் சேர்வது சாதாரணம்.

எஸ்சிவி மாற்றினால் சுற்றுப்புறத்தைக் கழுவித் துடைத்த பிறகு இரண்டு போல்ட்டைக் கழட்டுங்கள். ஓ-ரிங்கில் சுத்தமான டீசல் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம். மாற்றிய பின் பம்ப் கற்றலை (புது வால்வுக்குக் கம்ப்யூட்டரைப் பழக்குவது) ஸ்கேனரில் ஓட்ட வேண்டிய வண்டிகள் உண்டு. அதை விட்டால் புது வால்வோடும் ஊஞ்சல் ஆடும்.

தெம்பனிஸ் பிக்கப்

பார்த்தாச்சு. மூணாவது இன்ஜெக்டர் அடியில கருப்பு தார், மத்த மூணும் காய்ஞ்சிருக்கு. ஸ்டார்டர் கரண்ட் சோதனையில நாலு மேடும் சமம். அப்ப கம்ப்ரெஷன் நல்லது, ஆனா வாஷர் கசியுது. எப்படி ரெண்டும் ஒத்துப்போகும்?

துவாஸ் டீசல்

ஒத்துப்போகும். ஸ்டார்டர் சுத்துறது 200, 250 ஆர்பிஎம், அமுக்குற அழுத்தம் மட்டும்தான். வெடிக்கும்போது அழுத்தம் பல மடங்கு, கசிவு அப்பதான் பேசும். சின்னக் கசிவுக்கு மேடு குட்டையாகாது. வால்வும் ரிங்கும் நல்லா இருக்குன்னு இந்தச் சோதனை சொல்லிடுச்சு, அதுவே பெரிய நிம்மதி.

கசியுற சூட்டுக் காத்து நாசில் உடம்பைச் சுத்திச் சுத்திப் போறதால அந்த இன்ஜெக்டரும் கெட்டிருக்கலாம். கழட்டினதும் பம்ப் கடையில பெஞ்ச்ல போடுங்க. முழு லோட் அளவு மட்டும் பார்த்தா போதாது, ஐட்லிங் அளவையும் பைலட் அளவையும் (முக்கியப் பீச்சுக்கு முன்னாடி வர்ற சின்னப் பீச்சு) கேட்டு எழுதி வாங்குங்க. ஐட்லிங்ல உதறுற இன்ஜெக்டர் முழு லோட் சோதனையில நூத்துக்கு நூறு வாங்கும்.

பழைய போர்மேன்

கழட்டும்போது அவசரம் கூடாது, இந்த வேலையில ரெண்டாவது தடவை கசியுறதெல்லாம் பொருத்தினவர் கைதான்.

இன்ஜினை அணைச்சு நல்லா ஆறவிடுங்க, ரெயில் அழுத்தம் இறங்கணும். இன்ஜெக்டர் சுத்தி இருக்கிற தாரை முதல்லயே சுரண்டிக் காத்தடிச்சு எடுங்க, இல்லேன்னா அது சிலிண்டருக்குள்ள விழும். பைப்பைக் கழட்டின உடனே ரெண்டு முனையும் மூடி போடுங்க. இன்ஜெக்டர் இறுகியிருந்தா துருநீக்கி ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க, அப்புறம் ஸ்லைடு ஹாமர். மேல இருக்கிற சாலினாய்டு தலையைப் பிடிச்சு முறுக்கினா இன்ஜெக்டர் அங்கயே செத்துடும்.

பழைய வாஷர் இன்ஜெக்டரோட வரலேன்னா அடியிலதான் ஒட்டியிருக்கும். கொக்கி விட்டு எடுங்க. அதைக் கவனிக்காம மேல புதுசு போட்டா ரெண்டு வாஷர் ஆகி, நாசில் உயரம் மாறிப் புகை தள்ளும், கசிவும் நிக்காது.

துவாரத்துல கிரீஸ் தடவின துணியைத் திணிச்சுட்டு உட்காரும் தளத்தைச் சுத்தம் பண்ணுங்க. தளம் அரிச்சிருந்தா மட்டும் கட்டர், அதுவும் பளபளப்பு வந்ததும் நிறுத்தணும். துணியை எடுத்துட்டு வேக்யூம்ல இழுங்க.

புது வாஷர், புது ஓ-ரிங். கிளாம்பை லேசா வச்சு, பைப்பைக் கையால முழுசா ஏத்தி நேர் பார்த்துட்டு, அப்புறம் கிளாம்ப், கடைசியா பைப். எல்லாம் டார்க் ரெஞ்ச்ல, மேனுவல் அளவுக்கு. பைப்பை முதல்ல இறுக்கிட்டா இன்ஜெக்டர் கோணலா உட்காரும்.

ரெயில் பிரஷர்

சேர்க்க வேண்டியவை. இன்ஜெக்டர் தலையில் இருக்கும் திருத்த எண்ணைக் கழட்டும் முன் போட்டோ எடுங்கள். புதியது போட்டால் அதன் எண்ணை மூன்றாவது சிலிண்டருக்குப் பதியணும். இதை விட்டால் நல்ல இன்ஜெக்டரும் உதறும். மாற்றிய சிலிண்டருக்கு உயர் அழுத்தப் பைப்பையும் புதிதாகப் போடச் சொல்கிறது டொயோட்டா மேனுவல். கூம்பு முனை பழைய இன்ஜெக்டருக்கு ஏற்ப நசுங்கிப் பழகியிருக்கும்.

முடிந்ததும் கை பம்பை இறுகும் வரை அடித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். கசிவு இருக்கிறதா என்று கையால் தடவாதீர்கள், ஒரு அட்டையைப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்.

பலர் விட்டுவிடும் ஒன்று: ஆயில். வாஷர் வழியே போன கரி சில இன்ஜின்களில் வால்வு கவருக்குள் போய் ஆயிலோடு கலந்து சம்ப்பில் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) உள்ள உறிஞ்சும் வலையை அடைக்கும். 3.0 கேடி இன்ஜினில் இது பெயர் பெற்ற பிரச்சினை. வலை அடைத்தால் ஆயில் லைட் எரியும், அப்போது பேரிங் ஏற்கெனவே காய்ந்திருக்கும். உங்கள் தார் வெளியே வந்திருக்கிறது, உள்ளே எவ்வளவு போனது என்று தெரியாது. ஆயில் மாற்றும்போது கேஜ் வைத்து சூடான ஐட்லிங்கில் ஆயில் அழுத்தம் பாருங்கள். குறைவாக இருந்தால் சம்ப்பைக் கழட்டியே ஆகணும்.

உட்லண்ட்ஸ் வேன்

பெட்ரோல் வேனுக்கும் இதெல்லாம் பொருந்துமா? 1.5 லிட்டர், பேட்டரி மாத்தினதுல இருந்து ஐட்லிங் மோசம், லைட் இல்ல.

ரெயில் பிரஷர்

பேட்டரி மாற்றிய பிறகு என்றால் த்ராட்டில் கற்றல் அழிந்திருக்கும். த்ராட்டில் தட்டின் ஓரத்தில் கரி இருக்கும். கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பழகி வைத்திருந்த திறப்பு மறந்துபோனது. த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து ஐட்லிங் கற்றலை ஓட்டுங்கள். அதிலும் சரியாகாவிட்டால் எரிபொருள் திருத்தத்தைப் பாருங்கள்: ஐட்லிங்கில் கூட்டல் 10 சதவீதத்துக்கு மேல் போய், 2,500 ஆர்பிஎம்மில் இயல்புக்குத் திரும்பினால் வேக்யூம் கசிவு. கழித்தல் பக்கம் போனால் பர்ஜ் வால்வு மூடாமல் டாங்க் ஆவியை இழுக்கிறதா பாருங்கள். டாங்க் ஆவியைப் பிடித்து வைக்கும் கேனிஸ்டரிலிருந்து அந்த வால்வுக்கு வரும் ஹோஸைக் கழட்டி வால்வு வாயில் விரல் வைத்தால், சூடாகாத இன்ஜினின் ஐட்லிங்கில் இழுக்கக்கூடாது. செங்காங் சொன்ன ஸ்ப்ரே சோதனை இங்கே பொருந்தும். ஆறிய இன்ஜினில், துளித்துளியாக.

செங்காங் ஸ்பீட்

சரி அண்ணே. தெம்பனிஸ், நாலு வாஷரும் மாத்துறீங்களா, மூணாவது மட்டுமா?

துவாஸ் டீசல்

காய்ஞ்ச இன்ஜெக்டரைத் தொடாதேங்கிறது என் கட்சி. நல்லா உட்கார்ந்திருக்கிறதைக் கிளப்பினா புதுக் கசிவுக்கு வழி.

பழைய போர்மேன்

230,000 கி.மீ. ஆச்சு, வாஷருக்கெல்லாம் ஒரே வயசு. நான் நாலும் மாத்தச் சொல்வேன். வாஷர் விலை ஒண்ணுமே இல்ல, கூலிதான். ஆனா இன்ஜெக்டர் நாலும் மாத்தச் சொல்ல மாட்டேன்.

தெம்பனிஸ் பிக்கப்

நாலு வாஷரும் போட்டாச்சு. பெஞ்ச்ல மூணாவது இன்ஜெக்டர் முழு லோட்ல சரி, பைலட் அளவு குறைவு. அது மட்டும் புதுசு, எண் பதிஞ்சாச்சு, பைப்பும் புதுசு. மத்த மூணும் பெஞ்ச்ல பாஸ். ஆயில் அழுத்தம் மேனுவல் அளவுக்குள்ள. இப்ப சூடான ஐட்லிங்ல ஃபீட்பேக்: +0.3, −0.6, +0.8, −0.4. நியூட்ரல்ல சுத்தமா இருக்கு. டி கியர், ஏசியில மட்டும் கண்ணாடியில லேசான நடுக்கம் மிச்சம்.

பழைய போர்மேன்

எண் சரியா இருக்கு, இன்ஜின் இனிமே குற்றவாளி இல்ல. அந்த மிச்சம் மௌண்டிங். டி, ஆர் மாத்தும்போது இன்ஜின் எவ்வளவு தூக்குதுன்னு பாருங்க, மாத்துறதா இருந்தா கியர் பாக்ஸ் மௌண்டிங்கையும் சேர்த்து. புது மௌண்டிங் போல்ட்டை லேசா விட்டு, இன்ஜினை நியூட்ரல்ல ஒரு நிமிஷம் ஓடவிட்டு அதுவே உட்கார்ந்த பிறகு இறுக்குங்க. இழுத்துப் பிடிச்சு இறுக்கினா புது ரப்பரும் உதறலை அப்படியே சேஸிக்குத் தள்ளும்.

ரெயில் பிரஷர்

ஐட்லிங் வேகத்தை 850க்கு ஏற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நடுக்கம் மறையும், டி கியரில் வண்டி முன்னால் தள்ளும், பிரேக் தேயும். 1,000 கி.மீ. ஓட்டிய பிறகு மூன்றாவது இன்ஜெக்டர் அடியை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள், ஃபீட்பேக் எண்களையும் எடுத்து இங்கேயே போடுங்கள். மூன்றாவது மறுபடி +2 பக்கம் நகர்ந்திருந்தால் இன்ஸ்பெக்‌ஷனுக்கு முன்பே கிளாம்ப் டார்க்கைச் சரிபார்க்கணும்.